ஐந்தாம் தேதியில் பணம் இருந்தது

கழனிவாசலில் பார்த்த வீட்டுக்கு
இரண்டு அறை, ஒரு போர்,
சமையல் மேடைக்கு மேலே ஒரு ஜன்னல்.
அதில் நின்றால்
அடுத்த வீட்டு முருங்கை தெரியும்.
முன்பணம் ஒன்றரை லட்சம்
கொடுத்த பிறகுதான்
நூறடி ரோட்டு வங்கிப் பையன்
திரையை என் பக்கம் திருப்பாமலே சொன்னான்:
"ஸ்கோர் அறுநூற்றுப் பதினெட்டு மேடம்.
வீட்டுக் கடன் கஷ்டம்."

மாசியில் அது எழுநூற்று எழுபத்தொன்று.
மருந்துக் கடையில் பில் போடுகிறவள் நான்;
அரை ரூபாய் இடித்தாலும்
ராத்திரி தூக்கம் வராது.

நடந்தது இவ்வளவுதான்:
எங்கள் வங்கியை வேறொரு வங்கி விழுங்கியது.
விழுங்கிய வேகத்தில் கிளைக் குறியீடு மாறியது.
அடைக்கலத்தின் மினிலாரிக் கடனுக்கு
ஐந்தாம் தேதிதோறும் தவணை எடுக்க வந்தவர்கள்
பழைய கதவைத் தட்டி,
ஆள் இல்லை என்று எழுதிப் போனார்கள்.
மூன்று மாதம்.

பணம் உள்ளேயே இருந்தது.
அது குறையாமல் நின்றதை
எங்கள் சிக்கனம் என்று எண்ணி
ஒரு மிக்சி வாங்கினோம்.

பைனான்ஸ்காரர்கள் கூப்பிடாமல் இல்லை.
புதுவயல் மில்லில் தவிடு ஏற்றிக்கொண்டிருந்தவர்
"தவணை நிலுவை" என்ற குரலை
ஓடிபி திருடன் என்று வைதிருக்கிறார்.
மூன்று முறையும்.
மூன்றாவது முறை
அவன் பரம்பரையையும் சேர்த்து.

அன்று இரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
மிக்சி மட்டும் அலமாரியில்
புத்தம் புதிதாய்.

சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து
மூன்று தவணையும் மறுநாளே கட்டினோம்.
கட்டினாலும் கறை போகாதாம்.
வங்கி சொன்னது: பைனான்ஸைக் கேளுங்கள்.
பைனான்ஸ் சொன்னது: வங்கியைக் கேளுங்கள்.
யார் செய்த தவறு என்றால்
இருவரும் ஒரே குரலில், "சிஸ்டம்."

இந்தப் பக்கம் செட்டியார் வீடுகளில்
புதிதாய் யார் வந்தாலும்
முதலில் கேட்பார்கள், "நீங்க எந்தக் கோயில்?"
எனக்கும் கேட்க வாய் வந்தது.
சிஸ்டம் எந்தக் கோயில்?
யார் வீட்டுப் பிள்ளை?
பர்மாவரை வட்டிக் கணக்கு எழுதிய ஊர் இது.
அந்தப் பேரேட்டில் பிசகினால்
திட்டு வாங்க
ஒரு ஆளாவது இருந்திருப்பான்.

முத்திரை வைத்த கணக்கு அறிக்கை வாங்கினேன்.
மூன்று ஐந்தாம் தேதிகளையும்
மஞ்சள் மையால் தீட்டினேன்.
பதினாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு,
அதற்கு மேல், அதற்கும் மேல்.
"பணம் இருந்தது. எடுக்க வராதது நீங்கள்"
என்று எழுதி
ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.
முப்பது நாள் மௌனம்.
முப்பத்தோராம் நாள் குறைதீர்ப்பாளருக்கு,
அதே மஞ்சள்.

இதற்குள் ஒப்பந்தக் கெடு ஆனியோடு தீர்ந்தது.
தேவகோட்டைப் பார்ட்டி ஒன்று
ரொக்கத்தோடு தயாராம்.
வீட்டுக்காரர் வயிரவன் போனில் இருமினார்.
முன்பணம் போச்சு என்றிருந்தேன்.
அவர் சொன்னார்:
"நாளைக்கு ஆடி பொறக்குது ஆத்தா.
எவுக வந்து பத்திரம் போடுவாக?
அவுகளும் ஆவணிக்குத்தான் வருவாக.
அதுக்குள்ள முடிச்சுருங்க."

ஆகாத மாதம் என்று
நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!
அந்த ஆடிதான்
முப்பத்தொரு நாள்
வாசலில் நின்று ஆளை மறித்தது.

ஆடி இருபத்திரண்டில் குறுஞ்செய்தி.
எழுநூற்று நாற்பத்து மூன்று.
பழைய உயரம் இல்லை. போதும்.
மன்னிப்பு என்ற சொல்
எங்கேயும் இல்லை;
"தரவு திருத்தப்பட்டது."

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பத்திரம் முடிந்தது.
முருங்கையில் அப்போது கம்பளிப்பூச்சி.

தவணை திரும்பியதற்கு அபராதம் என்று
ஐநூற்றுத் தொண்ணூறு வீதம்
மூன்று முறை பிடித்திருந்தார்கள்.
இரண்டு திரும்பி வந்தது.
மூன்றாவது "பரிசீலனையில்".
ஒரு நோட்டு வாங்கி
மேலே உ போட்டு
வங்கி பெயரில் பற்று எழுதி வைத்திருக்கிறேன்.
ஐந்தாம் தேதிதோறும் போன் போடுகிறேன்.
"நிலுவை" என்று ஆரம்பித்ததும்
வைத்துவிடுகிறார்கள்.
என்னையும்
ஓடிபி கேட்கிறவள் என்று
நினைத்திருப்பார்கள்.